கருகிய பிளக்கும் நல்ல கொயிலும்

கேத்தல் பழுது என்று என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கொயிலைத்தான் குற்றம் சொல்வார்கள். "கொயில் எரிஞ்சிட்டுது போல, அண்ணா. புதுசு போட எவ்வளவு?" நான் கேத்தலை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வயரின் மற்ற நுனியைப் பிடித்து பிளக்கைத் திருப்பிப் பார்ப்பேன். மூன்று ஊசிகளில் ஒன்றின் அடி கறுத்திருக்கும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பக்கம் பொருக்கு விட்டிருக்கும். பிறகு மீற்றரை வைத்துக் கொயிலை அளந்தால் 26 ஓம் காட்டும். 2000 உவாற்றுக் கேத்தலுக்கு அது சரியான அளவு. கொயில் குற்றமற்றது.

"வீட்டில பிளக் பொயின்றில ஏதும் மணம் வந்ததா?" என்று கேட்பேன். இல்லை என்பார்கள். சூடேறிப் பொரியும் பழைய பிளக்குகளின் கெட்டிப் பிளாஸ்டிக் பழுதான மீனைப் போல நாறும். வேறு ஊர்க்காரருக்கு அது எச்சரிக்கை. திருகோணமலையில், அதுவும் மத்தியானம் குசினியில் மீன் வாடை அடித்தால், யார் எழும்பிப் போய் சுவிட்சைப் பார்க்கப் போகிறார்கள்?

அன்புவழிபுரத்தில் என் கடை வாசலிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் உப்பு வந்து சேரும். வாடைக் காற்று வீசுகிற மாதங்களில் ஈரத்தோடு வரும். கச்சான் காலத்தில் புழுதியோடு கலந்து கிடக்கும். பிளக் ஊசி பித்தளை. அதைக் கவ்விப் பிடிக்கிற உள்தகடும் பித்தளைதான், சிலதில் வெண்கலம். உப்பும் ஈரமும் பட்டால் மேலே பச்சையும் கறுப்புமாக ஒரு படலம் பிடிக்கும். கண்ணுக்குத் தூசி மாதிரித் தெரிகிற அந்தப் படலம் மின்னோட்டத்துக்கு ஒரு தடை. அங்கேதான் என் பிழைப்பே இருக்கிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கதைக்கலாம். 230 வோல்ற்றில் 2000 உவாற்றுக் கேத்தல் ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். மின்னோட்டத்தை அதாலேயே பெருக்கி, தடையாலும் பெருக்கினால் அந்த இடத்தில் பிறக்கிற சூடு எத்தனை உவாற்று என்று வரும். ஊசிக்கும் தகட்டுக்கும் நடுவே வெறும் 0.2 ஓம் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 15 உவாற்று. கொயிலின் 2000 உவாற்றோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. ஆனால் கொயிலைச் சுற்றி ஒன்றரை லீற்றர் தண்ணீர் நின்று சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. இந்தப் 15 உவாற்று நகக்கண் அளவு உலோகத்தில் விழுகிறது. சுற்றிவரச் சூட்டைக் கடத்தாத பிளாஸ்டிக். என் கையிலிருக்கிற ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோலே 25 உவாற்றுதான்.

இதே கேத்தலுக்கு மெயின் போர்டிலிருந்து குசினி வரைக்கும் 7/0.67 வயர், 20 மீற்றர் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால், போகவர 40 மீற்றரிலும் சேர்த்து விழுகிற சூடு 21 உவாற்று அளவில் இருக்கும். பிளக்கில் விழுவதைவிடக் கூட. ஆனாலும் சுவரில் கை வைத்தால் ஒன்றும் தெரியாது. மீற்றருக்கு அரை உவாற்றாகப் பரவிப் போய்விடுகிறது. எவ்வளவு சூடு என்பது ஒரு கேள்வி, எவ்வளவு இடத்தில் என்பது இன்னொரு கேள்வி. வீட்டுக்காரர் முதலாவதைக் கேட்பார். வயரிங் செய்கிறவன் இரண்டாவதைத்தான் கேட்கவேண்டும்.

அடுத்தது, ஒரு முறை சூடேறிய மூட்டு தானாக ஆறுவதில்லை. சூட்டில் தகட்டின் இறுக்கம் போகும். இறுக்கம் போனால் தொடுகிற பரப்புக் குறையும், படலம் தடிக்கும், தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். ஒரு வருடம் இளஞ்சூட்டில் கிடந்த பிளக் கடைசி ஒரு கிழமையில் கருகிப்போவது இப்படித்தான்.

"அப்ப பியூஸ் ஏன் போகல்ல?" என்று விளக்கம் கேட்கிற ஆட்களும் உண்டு. நியாயமான கேள்வி. பியூஸுக்குத் தெரிவது எத்தனை அம்பியர் போகிறது என்பது மட்டும். 13 அம்பியர் பியூஸ் வழியாக 8.7 அம்பியர்தான் போய்க்கொண்டிருக்கிறது. மூட்டில் தடை கூடியதால் அதுவும் ஒரு துளி குறைந்துதான் இருக்கும். பிரேக்கருக்கும் அதே கதை. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது போன மின்னோட்டம் முழுதாகத் திரும்பி வருகிறதா என்பதை. இங்கே ஒரு கசிவும் இல்லை. காவலுக்கு நிற்கிற மூன்று பேரின் கண் முன்னாலேயே பிளக் எரியும். அதனால்தான், புது வீட்டில் விலையான பிரேக்கர் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் வாயைக் கொடுப்பதில்லை, கையை நீட்டச் சொல்வேன். கேத்தல் கொதித்து முடிந்த கையோடு சுவிட்சை நிறுத்தி, பிளக்கை உருவி, ஊசியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாவிட்டால் அன்றைக்கே அந்தப் பொயின்றை மாற்றவேண்டும்.

எனக்குத் தொழில் பழக்கியவர் துறைமுகத்தில் கடற்படைத் தளத்து மின்பகுதியில் வேலை செய்தவர். பிரித்தானியர் 1957 ஒக்டோபர் 15 இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன காலத்தில் அவர் அங்கே இளம் பொடியன். நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது தலை நரைத்துவிட்டது. எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். கப்பல் வேலை பழகிய ஆட்களுக்கு உப்போடு சண்டை பிடிக்கத் தெரியும். மூட்டை முதலில் பளபளவென்று உரசுவார், இறுக்குவார், பிறகு மேலே வசலின் மெல்லிசாகப் பூசுவார். வேலை முடிந்த வீட்டுக்கு ஒரு கிழமை கழித்துத் திரும்பப் போய், எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு கால் சுற்று முறுக்குவார். அதற்குக் காசு வாங்கமாட்டார். செம்புக் கம்பி ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசிந்து இடம் கொடுக்கும். சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கும்போது இன்னும் கொஞ்சம் தளரும். முதல் தடவை இறுக்கிய இறுக்கம் அப்படியே நிற்பதில்லை. இன்றைக்கு இந்த இரண்டாம் பயணத்தைப் போகிறவர் மிகக் குறைவு. வீட்டுக்காரருக்கும் அது எதற்கு என்று விளங்குவதில்லை, காசு பறிக்க வந்திருக்கிறான் என்று வாசலில் வைத்தே அனுப்பிவிடுகிறார்கள்.

பாஸ் இந்தச் சூட்டுக் கணக்கின் விதியைச் சூத்திரமாகப் படித்தவரில்லை. இங்கிலாந்தில் சால்ஃபோர்டில் மதுவடிக்கும் குடும்பத்தில் பிறந்த யூல் என்கிறவர், கம்பிச் சுருளைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து எழுதிவைத்து 1841 இல் வெளியிட்டதுதான் அந்த விதி. கிட்டத்தட்ட அதே காலத்தில் ரஷ்யாவில் லென்ஸும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஒரு விதத்தில் பார்த்தால் யூல் செய்து பார்த்தது கேத்தல்தான். பாஸ் அதே விஷயத்தை வேறு மாதிரிச் சொல்வார்: "ரேடியோ போட்ட பொயின்றில அயனைக் குத்தாத." வட்ட ஊசி 5 அம்பியர் பொயின்றுகள் பழைய வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ரேடியோவுக்கு முப்பது வருடம் உழைத்த மூட்டு, கேத்தலுக்கு முப்பது நாள் தாங்காது.

இனிக் கொயிலைப் பற்றிச் சொல்லவேண்டும், அதன் பெயரில் ஒரு களங்கமும் இருக்கக்கூடாது. நிக்கலும் குரோமியமும் எண்பதுக்கு இருபது கலந்த நிக்ரோம் கம்பி அது. அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் 1906 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். செம்போடு பார்த்தால் ஏறத்தாழ அறுபது மடங்குக்கும் மேல் தடை. அதைவிடப் பெரிய குணம், சிவக்கச் சிவக்கச் சூடேறினாலும் மேலே குரோமிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று மூடிக்கொள்வதால் காற்று உள்ளே போய்த் தின்னமாட்டாது. பிளக் ஊசியில் எமன் ஆன அதே படலம் இங்கே காவல். ஆனால் அதே காரணத்தால் நிக்ரோமில் ஈயம் ஒட்டாது. ஒட்டினாலும் 183 பாகையில் உருகுகிற ஈயம் அந்தச் சூட்டில் நிற்குமா? கொயில் நுனியைத் துருப்பிடிக்காத போல்ட்டில் சுற்றி, வொஷர் வைத்து இறுக்குவதுதான் வழி.

அறுந்த கொயிலை இழுத்து முடிச்சுப் போட்டு எரிக்கிற பழக்கம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. 1000 உவாற்றுக் கொயில் 53 ஓம். பத்தில் ஒரு பங்கு அறுந்துபோய், மிச்சத்தைக் கொளுவினால் 47.6 ஓம். தடை குறைந்தது, சூடும் குறையும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் வீட்டு மின்சாரத்தில் வோல்ற்றளவு மாறாமல் நிற்கிறது. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், அதன் இருமடி கூடும், மொத்தம் 1111 உவாற்று. அதுவும் குறைந்துபோன நீளத்தில். அங்குலத்துக்கு அங்குலம் பார்த்தால் முன்னையதைவிட நாலில் ஒரு பங்குக்குக் கிட்டவாகச் சூடு கூடிவிட்டது. "முந்தியவிட நல்லா எரியுது, அண்ணா" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். எரியும். அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் அறுந்து திரும்ப வரும்.

கடையில் வேலை பழக வருகிற பொடியன்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு பழைய 100 உவாற்றுக் குண்டு பல்ப்பும் மீற்றரும். அளந்து பார்த்து எத்தனை உவாற்று என்று சொல்லச் சொல்வேன். மீற்றர் 40 ஓம் அளவில் காட்டும். சூத்திரத்தில் போட்டால் 1300 உவாற்றுக்கு மேல் வரும். மீற்றர் பழுது என்பான், பல்ப்பில் அச்சுப் பிழை என்பான். பல்ப்பின் தங்குதன் இழை எரிகிறபோது 2500 பாகைக்குப் போய், தடை 529 ஓமாக ஏறிவிடும். மேசையில் குளிர்ந்து கிடக்கும்போது அளந்தால் பொய்தான் சொல்லும். நிக்ரோம் அப்படியில்லை. குளிரிலும் சூட்டிலும் நூற்றுக்குச் சில வீதம்தான் வித்தியாசம். மேசையில் அளந்து அடுப்பில் எவ்வளவு எரியும் என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு குணத்தால்தான் என்னைப் போன்றவன் வெறும் மீற்றரை வைத்துக்கொண்டு கடை நடத்த முடிகிறது.

கேத்தலின் உள்ளேயும், குளியலறை ஹீற்றரிலும் கொயில் அம்மணமாக இராது. உலோகக் குழாய்க்குள் நடுவில் கொயில். சுற்றிவர இறுக்கிய மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள். அந்தத் தூள் சூட்டை வெளியே விடும், மின்சாரத்தை விடாது. அப்படிப்பட்ட பொருள் லேசில் கிடைக்காது. அதற்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ஈரத்தை உறிஞ்சும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகள் மாரியில் சனமில்லாமல் கிடக்கும். சித்திரையில் வெள்ளைக்காரர் வரத் தொடங்கியதும் ஹீற்றரைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழும். திரும்பத் தூக்கினால் திரும்ப விழும். முதலாளிமார் புது ஹீற்றர் வாங்க ஆயத்தமாவார்கள். சிலர் அதைவிட மோசமான வேலை செய்வார்கள், ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுப்பார்கள். குளிக்கிற இடத்தில் அப்படிச் செய்கிறவரோடு நான் அதற்குப் பிறகு வேலை வைத்துக்கொள்வதில்லை.

உண்மையில் கொயிலும் நல்லது, குழாயும் நல்லது. நுனியிலுள்ள அடைப்பு வழியாக மூன்று மாத வாடை ஈரம் தூளுக்குள் போயிருக்கிறது. ஆயிரத்தில் முப்பது பங்கு அம்பியர் கசிந்தாலே ட்ரிப் சுவிட்ச் விழவேண்டும், விழுகிறது. கழற்றியெடுத்துக் காயவைத்தால் போதும். வெயில் காணாது. எனக்குத் தெரிந்த பேக்கரிக்காரர் ஒருவர் பாண் எடுத்து முடிந்த பிறகு ஆறிக்கொண்டிருக்கிற போறணையில் இரவு முழுக்க வைத்துத் தருவார். காலையில் மெகரால் காப்புத் தடையை அளந்து, வாயை சிலிக்கனால் அடைத்துப் பூட்டினால் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடும். பாண் விலைக்கு ஒரு ஹீற்றர்.

கிணற்றுத் தண்ணீர் கொதிக்கிற வீடுகளில் வேறு வியாதி. கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படியும். அது சுண்ணாம்பு. கேத்தல் மெதுவாகக் கொதிக்கிறது, மின்சாரம் குறைந்துவிட்டது என்பார்கள். மின்சாரம் குறையவில்லை, அதே உவாற்றுத்தான். வெளியே போக வழியில்லாமல் சூடு உள்ளேயே நின்று குழாயைப் பதம் பார்க்கிறது. தேசிக்காய்ப் புளியும் தண்ணீரும் விட்டு ஒரு கொதி கொதிக்கவைத்து ஊறவிட்டால் கரைந்துவிடும். இதற்குக் கடைக்கு வரத் தேவையேயில்லை.

2022 ஆம் ஆண்டை இந்தத் தொழிலில் இருக்கிற ஒருவரும் மறக்கமாட்டார்கள். சமையல் எரிவாயு இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. விறகு வாங்க வசதியில்லாத சனம், வருகிற கொஞ்ச நேர மின்சாரத்தில் சமைத்துவிடலாம் என்று கொயில் அடுப்புகளைத் தேடியது. பரணில் கிடந்ததெல்லாம் இறங்கி என் கடைக்கு வந்தது. பீங்கான் தட்டில் பள்ளம், பள்ளத்துக்குள் மூடாத கொயில். சோறு பொங்கி வழிந்தால் உப்புத் தண்ணீர் நேரே மின்சாரத்தில் விழும். எவர்சில்வர் கரண்டியால் கிண்டுகிற கைக்கும் கொயிலுக்கும் இடையில் ஒரு சட்டி மட்டும். திருத்தித் தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சமைக்க வேறு வழியில்லாமல் வந்து நிற்கிறார்கள். வயரை மாற்றி, எர்த் சரியா என்று பார்த்து, "கிண்டுறதுக்கு முதல் பிளக்கைக் கழட்டுங்கோ, சுவிட்சை மட்டும் நம்பாதீங்கோ" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினேன். சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். அந்தக் கம்பி மாறிக் கொளுவியிருந்தால் அடுப்பு அணைந்தாலும் கொயிலில் உயிர் இருக்கும்.

மின்சாரம் வந்த அடுத்த நிமிடமே தெரு முழுக்க அடுப்பு எரியும். வோல்ற்றளவு 190 க்கு விழும். விழுந்தது ஆறில் ஒரு பங்குதானே என்று தோன்றும். சூடு வோல்ற்றளவின் இருமடியோடு போவதால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். 1000 உவாற்று அடுப்பு 680 இல் முனகிக்கொண்டிருக்கும். "நீங்க போட்ட கொயில் சரியில்ல" என்று சண்டைக்கு வந்தவர்களுக்கு நடு இரவில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொன்னேன். மின்வெட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு வாழ்கிறவரிடம் அப்படிச் சொன்னது பகிடி மாதிரித்தான் கேட்டிருக்கும்.

அதே வருடம் ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். அதன்பிறகு கேள்வி மாறிவிட்டது. பழுதா என்று கேட்டவர்கள் எவ்வளவு குடிக்கும் என்று கேட்கத் தொடங்கினார்கள். 2000 உவாற்றுக் கேத்தலை ஒளித்துவைத்துவிட்டு 1000 உவாற்று வாங்கப் போன அம்மா ஒருவரை மறித்து உட்காரவைத்துக் கணக்குச் சொன்னேன். ஒன்றரை லீற்றர் தண்ணீர் 30 பாகையிலிருந்து கொதிக்க வேண்டிய சூடு ஒன்றுதான். ஒரு யூனிட்டில் எட்டுத் தடவை கொதிக்கவைக்கலாம். பெரியது நாலு நிமிடத்துக்குள் முடிக்கும், சின்னது இரட்டிப்பு நேரம் எடுக்கும், அந்த நேரமெல்லாம் பக்கவாட்டால் சூட்டைக் காற்றுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். காசை மிச்சம் பிடிப்பது தேவையான அளவு தண்ணீர் வைப்பதில்தான். அவ கேட்டுவிட்டுச் சொன்னா: "கன்னியாவில ஏழு கிணத்திலயும் மீற்றர் இல்லாமச் சுடுதண்ணி வருது, தம்பி. நாங்க மட்டும் காசு கட்டுறம்." அந்த ஏழு கிணறும்கூட ஒரே சூட்டில் இல்லை, ஆனால் தேத்தண்ணீர் போடுகிற அளவுக்கு ஒன்றும் வராது.

கட்டணம் ஏறிய பிறகு ஒரு கெட்ட வேலையும் கூடியது. றைஸ் குக்கரின் அடியில், கொயிலோடு ஒட்டி, வெள்ளை நூல் உறைக்குள் சின்னதாக ஒரு வெப்பப் பியூஸ் இருக்கும். சோறு வெந்து தண்ணீர் வற்றியதும் சட்டியின் அடி 100 பாகையைத் தாண்டும். 103 அளவில் நடுவிலுள்ள காந்தம் தன் காந்தத்தை இழந்து விட்டுக்கொடுக்கும், ஸ்பிரிங் சுவிட்சைத் தட்டிவிடும். அது சிக்கிக்கொண்டால் கடைசிக் காவல் அந்தப் பியூஸ். அது போய்விட்டால் விலை சொற்பம், ஆனால் கழற்றிப் போடக் கொஞ்ச நேரம் எடுக்கும். சில இடங்களில் அதை வெட்டி இரண்டு கம்பியையும் முறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். குக்கர் வேலை செய்யும். என்னிடம் வருகிற குக்கர் எதற்கு வந்தாலும் அடியைத் திறந்து அந்த உறை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

இப்போது இன்டக்ஷன் அடுப்பு நிறைய வருகிறது. அதன் உள்ளேயுள்ள செம்புச் சுருள் சூட்டுக்காக வைத்ததில்லை. அது எழுப்புகிற, விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் மாறுகிற காந்தப்புலம் சட்டியின் அடியில் மின்னோட்டத்தைச் சுழலவிடுகிறது. சட்டிதான் தடையி. யூலின் கணக்கு அங்கேயும் அதேதான். இரும்புச் சட்டியில் அந்த மின்னோட்டம் மேற்றோலில் மெல்லிய அடுக்குக்குள் நெருக்கப்பட்டு ஓடுவதால் தடை கூடிச் சூடு பிடிக்கும். அலுமினியத்தில் தாராளமாக ஓடிவிடும், சூடு வராது. அடுப்பே அதை அறிந்து நின்றுவிடும். போன மாதம் ஒரு அக்கா புத்தம்புது அடுப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, வாங்கின அன்றே பழுது என்றா. வீட்டில் என்ன சட்டி என்று கேட்டேன். எல்லாம் அலுமினியம். கடையிலிருந்த இரும்புத் தாச்சியை வைத்துக் காட்டினேன், ஒரு நிமிடத்தில் எண்ணெய் புகைந்தது.

"அப்ப வீட்டில இருக்கிற சட்டியெல்லாம் என்ன செய்யிறது, தம்பி?"

"விறகடுப்புக்கு வையுங்கோ, அக்கா. கரண்ட் போற நாளைக்கு உதவும்."